ஈர்ப்பு நிலை ஆற்றல்: ஒரு கருத்தின் வரலாறு

ஈர்ப்பு விசைக்கு எதிராக ஒரு பொருளை உயர்த்தும்போது செய்யப்படும் வேலை, அப்பொருளும் புவியும் சேர்ந்த அமைப்பில் ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. இவ்வாறு சேமிக்கப்படும் ஆற்றலே ஈர்ப்பு நிலை ஆற்றல் எனப்படும். புவிப்பரப்புக்கு அருகில் இதன் மதிப்பு நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும். எடுத்துக்காட்டாக, 2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கல்லை 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் சேமிக்கப்படும் ஆற்றல் 2 × 9.8 × 5 = 98 ஜூல் ஆகும்.

பள்ளிப் பாடநூலில் ஒரே வரியில் முடிந்துவிடும் இந்தச் சூத்திரம் உருவாக இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குக் காரணம் கணக்கின் கடினம் அன்று. மேல்நோக்கி எறியப்பட்ட கல் உச்சியில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. எறிந்தபோது அதற்கு இருந்த இயக்கம் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது? அழிந்துவிட்டது என்றால், கல் திரும்பி விழும்போது அதே வேகம் எங்கிருந்து வருகிறது? அழியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாத எந்த வடிவில் அது இருந்தது? இக்கேள்விக்கு அறிஞர்கள் அளித்த விடைகளின் வரலாறே ஈர்ப்பு நிலை ஆற்றலின் வரலாறு.

உயரமும் வேகமும்

இத்தாலிய அறிஞர் கலிலியோ கலிலியின் இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல் 1638இல் ஆலந்தின் லைடன் நகரில் வெளியானது. உராய்வு இல்லாத சாய்தளத்தில் இறங்கும் பொருள் அடிமட்டத்தில் பெறும் வேகம், தளத்தின் சாய்வைப் பொறுத்தது அன்று, அது இறங்கிய செங்குத்து உயரத்தை மட்டுமே பொறுத்தது என்று அதில் அவர் கூறினார். இதை விளக்க ஓர் ஊசலைப் பயன்படுத்தினார். ஊசல் நூலின் வழியில் ஓர் ஆணியை அடித்தால் குண்டின் பாதை மாறுகிறது, வளைவு சிறிதாகிறது. ஆயினும் குண்டு தான் புறப்பட்ட அதே உயரத்துக்கு ஏறுகிறது. பாதை மாறினாலும் உயரம் மாறுவதில்லை என்பதே இதன் சாரம்.

கலிலியோவின் மாணவர் தொரிசெல்லி 1644இல் இதை இணைக்கப்பட்ட எடைகளுக்கு விரிவாக்கினார். அவற்றின் பொது ஈர்ப்பு மையம் கீழே இறங்கினாலன்றி அவை தாமாக நகரத் தொடங்கா என்றார். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலில், தம் எடையால் மட்டும் இயங்கும் பொருள்களின் ஈர்ப்பு மையம் அது தொடங்கிய உயரத்தைவிட மேலே ஏற முடியாது என்பதை அடிப்படை விதியாகக் கொண்டார். இவர்கள் எவரும் 'ஆற்றல்' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆனால் உயரம் என்பது வேகத்தின் மறுபக்கம் என்ற எண்ணம் அவர்களின் கணக்குகளில் இருந்தது.

லைப்னிட்சின் கணக்கு

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே டேக்கார்ட் 1644இல், உலகில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு என்றும் மாறாது என்று கூறியிருந்தார். அவர் அந்த அளவை, பொருளின் பருமையை வேகத்தால் பெருக்கிக் கணக்கிட்டார். இன்றைய உந்தத்துக்கு இது நெருங்கியது, ஆனால் அவர் திசையைக் கணக்கில் கொள்ளவில்லை. இதை மறுத்து செருமானிய அறிஞர் காட்பிரீட் லைப்னிட்ஸ் 1686இல் லைப்சிக் நகர ஆய்விதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

அவருடைய வாதம் எளியது. 1 பவுண்டு எடையை 4 முழம் உயர்த்தவும், 4 பவுண்டு எடையை 1 முழம் உயர்த்தவும் ஒரே அளவு முயற்சி தேவை. ஏனெனில் 4 பவுண்டு எடையை நான்கு 1 பவுண்டுத் துண்டுகளாக எண்ணி, ஒவ்வொன்றாக 1 முழம் தூக்கலாம். அதுவும் ஒரே துண்டை நான்கு முறை 1 முழம் தூக்குவதும் ஒன்றே. எனவே இரு எடைகளும் அந்த உயரங்களிலிருந்து விழுந்தால் சமமான விசையைப் பெற வேண்டும்.

விழும் பொருளின் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது கலிலியோவின் முடிவு. ஆகவே 4 முழம் விழுந்த 1 பவுண்டின் வேகம் 2 அலகு என்றால், 1 முழம் விழுந்த 4 பவுண்டின் வேகம் 1 அலகு. டேக்கார்டின் முறைப்படி பெருக்கினால் முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 4 கிடைக்கிறது. இவை சமமல்ல. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் 4 கிடைக்கிறது. எனவே இயற்கை காத்து வருவது நிறை × வேகத்தின் வர்க்கம் என்ற அளவையே என்றார் லைப்னிட்ஸ். பின்னர் இதை 'உயிருள்ள விசை' என்று அழைத்தார்.

இந்த வாதத்தின் வலிமை வேறொரு கணக்கில் தெரியும். டேக்கார்ட் கூறியதே சரி என்று கொண்டு, 4 பவுண்டுப் பொருளின் முழு இயக்கத்தையும் 1 பவுண்டுப் பொருளுக்கு மாற்றுவதாக எண்ணுவோம். அப்போது அதன் வேகம் 4 அலகாகும். அந்த வேகத்தில் மேலே சென்றால் அது 16 முழம் ஏறும். 4 பவுண்டு 1 முழம் இறங்கியதற்குப் பதிலாக 1 பவுண்டு 16 முழம் ஏறிவிடுகிறது. இது முடியுமானால் செலவே இல்லாமல் என்றும் ஓடும் எந்திரம் ஒன்றைச் செய்துவிடலாம். அத்தகைய எந்திரம் இயலாது என்பது அக்காலத்திலேயே பலர் ஏற்ற கருத்து. டச்சுப் பொறியாளர் சைமன் ஸ்டெவின் 1586இலேயே அதைக் கொண்டு சாய்தளத்தின் விதியை நிறுவியிருந்தார்.

களிமண்ணில் விழுந்த குண்டுகள்

லைப்னிட்சின் கட்டுரை ஐரோப்பாவில் நீண்ட விவாதத்தைத் தொடங்கியது. டேக்கார்டைப் பின்பற்றியோரும் இங்கிலாந்தில் நியூட்டனைப் பின்பற்றியோர் பலரும் அவரை எதிர்த்தனர்.

லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெம் க்ராவசாண்டே 1722ஆம் ஆண்டளவில் இதைச் சோதனையால் தீர்க்க முயன்றார். ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழச் செய்தார். எடையையும் உயரத்தையும் பெருக்கிய தொகை சமமாக இருந்தபோதெல்லாம் களிமண்ணில் ஏற்பட்ட குழிகளும் சமமாக இருந்தன. மூன்று மடங்கு எடையுள்ள குண்டு மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து விழுந்து அதே குழியை உண்டாக்கியது. முன்பு எதிர்க்கருத்தைக் கொண்டிருந்த க்ராவசாண்டே, இச்சோதனைக்குப் பின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பிரெஞ்சு அறிஞர் எமிலி டு சாத்தலே 1740இல் வெளியிட்ட இயற்பியல் நூலில் லைப்னிட்சின் பக்கம் நின்றார். நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் இவரே. ஒருவரைப் போற்றுவதற்காக இன்னொருவரை மறுக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்றாக இருந்தார்.

1743இல் தாலம்பேர் இவ்விவாதத்தைச் சொற்சண்டை என்றார். இன்றைய விளக்கப்படி இரு தரப்பும் இரு வேறு அளவுகளைப் பற்றிப் பேசின. ஒரு விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்று பார்த்தால் உந்தம் கிடைக்கும். எவ்வளவு தொலைவு செயல்பட்டது என்று பார்த்தால் ஆற்றல் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனி அழிவின்மை விதிகள் உண்டு.

இதற்கிடையே டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட நீரியக்கவியல் நூலில், உண்மையான இறக்கமும் அதனால் இயலக்கூடிய ஏற்றமும் சமம் என்ற விதியைக் கையாண்டார். நிகழ்ந்ததையும் நிகழக்கூடியதையும் ஒரே தராசில் வைத்த இந்தச் சொல்லாட்சி, பின்னாளில் வந்த நிலை ஆற்றல் என்ற கருத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

நீர்ச்சக்கரங்களும் எந்திரங்களும்

தத்துவ விவாதத்துக்கு வெளியே, ஆலைகளில் வேலை செய்த பொறியாளர்களுக்கு உயரம் என்பது பணமதிப்புள்ள பொருளாக இருந்தது. ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் நீர்ச்சக்கரங்களைப் பற்றிய தம் மாதிரிச் சோதனைகளை வேந்தியக் கழகத்தில் வெளியிட்டார். அக்காலத்தில் இரு வகைச் சக்கரங்கள் இருந்தன. ஒன்றில் நீர் முதலில் கீழே விழுந்து, வேகமாக ஓடி, சக்கரத்தின் அடியில் மோதும். மற்றொன்றில் நீர் சக்கரத்தின் மேலிருந்து வாளிகளில் நிரம்பி, தன் எடையாலேயே சக்கரத்தைச் சுழற்றும். ஒரே அளவு நீர், ஒரே வீழ்ச்சி எனும்போது மேல்விழு சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்தது.

நீரின் நிலை ஆற்றல் இரண்டிலும் ஒன்றே. அடியில் மோதும்போது நீர் சிதறிச் சுழன்று வெப்பமாகி வீணாகிறது. மேல்விழு சக்கரத்தில் நீர் மெதுவாக இறங்குவதால் அந்த இழப்பு குறைவு. ஸ்மீட்டன் சக்கரத்தின் பயனை எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் தூக்கியது என்றே அளந்தார். ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரங்களுக்குக் கையாண்ட குதிரைத்திறன் என்ற அலகும் அத்தகையதே. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டை ஓர் அடி உயர்த்தும் திறன் ஒரு குதிரைத்திறன் ஆகும்.

1829இல் பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் கொரியோலிஸ், விசையையும் அது நகர்த்திய தொலைவையும் பெருக்கி வரும் அளவுக்கு 'வேலை' என்ற பெயரை நிலைநாட்டினார். அதற்கு ஏற்ப லைப்னிட்சின் அளவையும் பாதியாக்கினார். உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்பதன் இரு மடங்கு. எனவே பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம் என்று எழுதினால்தான் அது நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்பதற்குச் சரியாகச் சமமாகும். இயக்க ஆற்றலின் சூத்திரத்தில் 'பாதி' வருவது இதனால்தான்.

வெப்பமாக மாறிய உயரம்

களிமண்ணில் விழுந்த குண்டு அசைவற்றுக் கிடக்கிறது. இப்போது உயரமும் இல்லை, வேகமும் இல்லை. கல் உச்சியில் நின்றபோது எழுந்த கேள்வி, அது தரையில் நின்றபோதும் எழுந்தது. இதற்கு விடை 1840களில் கிடைத்தது.

செருமானிய மருத்துவர் ராபர்ட் மேயர் 1840இல் கப்பல் மருத்துவராகச் சாவகத் தீவுக்குச் சென்றார். அங்கு மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்ததைக் கண்டு, உடல் வெப்பத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். 1842இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்த்தப்பட்ட பொருளுக்கும் புவிக்கும் இடையே உள்ள இடைவெளியே இயக்கத்துக்குக் காரணம் என்றும், அது இயக்கமாகவும் வெப்பமாகவும் மாறும் என்றும் கூறினார். அதற்கு 'வீழ்விசை' என்ற பொருள் தரும் பெயரையும் இட்டார். பொருளின் எடை மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும் என்ற அவருடைய கருத்து இன்றைய விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. ஒரு பொருள் சுமார் 365 மீட்டர் விழுவது, அதே எடையுள்ள நீரை 0 பாகையிலிருந்து 1 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவதற்குச் சமம் என்றும் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு சுமார் 427 மீட்டர்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் இதைத் தனியாக, மிகக் கவனமான சோதனைகளால் அளந்தார். கயிற்றில் கட்டிய எடைகள் மெதுவாக இறங்கும்போது, நீர் நிரம்பிய கலத்துக்குள் துடுப்புகள் சுழலும். எடைகளை மீண்டும் மீண்டும் உயர்த்தி இறக்கிய பின்னும் நீரின் வெப்பநிலை ஒரு பாரன்ஹீட் பாகைகூட உயரவில்லை. அந்தச் சிறு மாற்றத்தைத் துல்லியமாக அளந்து, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்கினால் 1 பவுண்டு நீரின் வெப்பநிலை 1 பாரன்ஹீட் பாகை உயரும் என்று 1850இல் அறிவித்தார். இன்றைய மதிப்பிலிருந்து இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே வேறுபடுகிறது. நயாகரா அருவியின் நீர் விழுவதால் சுமார் ஐந்தில் ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக வேண்டும் என்றும் 1845இல் அவர் எழுதியிருந்தார்.

1847இல் எர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவை அனைத்தையும் ஒரே கணித வடிவில் கொண்டுவந்தார். இயக்கத்தால் உள்ள அளவும் நிலையால் உள்ள அளவும் சேர்ந்த கூட்டுத்தொகை மாறாது என்று காட்டினார். முன்னணி ஆய்விதழ் ஒன்று அக்கட்டுரையை ஏற்காததால் அது தனிச் சிறுநூலாக வெளிவந்தது. மேயருக்கு நேர்ந்தது இன்னும் கடுமையானது. அவருடைய பணி பல ஆண்டுகள் கவனிக்கப்படவில்லை. முதலில் கண்டறிந்தவர் யார் என்ற பூசலும் குடும்பத் துயரங்களும் அவரை மனநலச் சிகிச்சை வரை கொண்டு சென்றன. இறுதியில் வேந்தியக் கழகத்தின் கோப்ளி பதக்கம் 1870இல் ஜூலுக்கும் 1871இல் மேயருக்கும் வழங்கப்பட்டது.

பெயரும் அதன் மீதான ஐயமும்

இந்த ஆற்றலுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தந்தவர் இசுகாட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின். 1853 சனவரியில் கிளாஸ்கோ நகரில் படித்த கட்டுரையில், ஆற்றலை வெளிப்பட்டது, உள்ளுறைந்தது என இரண்டாகப் பிரித்தார். வெளிப்பட்ட ஆற்றலுக்கு இன்று வழங்கும் 'இயக்க ஆற்றல்' என்ற பெயரை 1860களில் வில்லியம் தாம்சனும் பீட்டர் டெய்ட்டும் பரப்பினர்.

வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இப்பெயரை ஏற்கவில்லை. இயக்கம் குறையும்போதெல்லாம் குறைந்த அளவுக்கு ஒரு பெயரிட்டுக் கூட்டிக்கொண்டால் மொத்தம் மாறாமல்தான் இருக்கும், இதில் விதி என்று சொல்ல என்ன இருக்கிறது என்பது அவர் எதிர்ப்பின் சாரம். ராங்கின் 1867இல் இதற்கு மறுமொழி எழுதினார்.

ஹெர்ஷலின் ஐயம் தொடக்க மாணவர் பலருக்கும் எழுவதே. அதற்கான விடை, நிலை ஆற்றலை இயக்கத்தைப் பார்க்காமலேயே அளக்க முடியும் என்பதில் இருக்கிறது. ஒரு தராசும் ஓர் அளவுகோலும் போதும். கல்லை விடுவதற்கு முன்பே அதன் எடையையும் உயரத்தையும் அளந்து, தரையை அடையும்போது என்ன வேகம் இருக்கும் என்று சொல்லிவிடலாம். நேராக விழுந்தாலும் சாய்தளத்தில் வழுக்கினாலும் உராய்வு இல்லையென்றால் அதே வேகமே வரும். வெறும் பெயர் மாற்றத்தால் இவ்வாறு முன்கூட்டிக் கூற இயலாது.

தமிழிலும் இதற்கு இரு பெயர்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நிலை ஆற்றல்' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'அழுத்த சக்தி' என்றும் வழங்குகின்றன. முன்னது பொருளின் நிலையைச் சுட்டுகிறது. 'நிலை' என்பதை அசையாமை என்று கொண்டு, நிற்கும் பொருளுக்கு மட்டுமே இது உண்டு என்று மாணவர் எண்ணக்கூடும். பறக்கும் பறவைக்கும் நிலை ஆற்றல் உண்டு. பின்னது மின்னழுத்தம் என்ற சொல்லோடு உள்ள உறவைக் காட்டுகிறது. இதை வளிமத்தின் அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது.

சூரியனின் வயது

நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம் என்ற சூத்திரம் ஈர்ப்பு முடுக்கம் மாறாத சிறு உயரங்களுக்கே பொருந்தும். நியூட்டன் 1687இல் கூறியபடி ஈர்ப்பு விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு எளிய சூத்திரம் தரும் மதிப்பு, சரியான மதிப்பைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். வானியலில் முடிவில்லாத் தொலைவில் நிலை ஆற்றல் சுழி எனக் கொள்வர். பொருள் நெருங்க நெருங்க அது குறைவதால் எங்கும் எதிர்க்குறி மதிப்பே வரும். புவிப்பரப்பில் உள்ள 1 கிலோகிராமுக்கு இது ஏறத்தாழ −6.25 கோடி ஜூல். அந்தக் கடனை அடைக்கத் தேவைப்படும் வேகமே விடுபடு வேகம், அதாவது நொடிக்குச் சுமார் 11.2 கிலோமீட்டர்.

1854இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இக்கருத்தைச் சூரியனுக்குப் பயன்படுத்தினார். சூரியன் தன் ஈர்ப்பால் மெல்லச் சுருங்கும்போது இழக்கும் நிலை ஆற்றலே ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகிறது என்றார். வில்லியம் தாம்சன் 1862இல், சூரியன் 10 கோடி ஆண்டுகளாகப் புவிக்கு ஒளி தந்திருப்பது ஐயமே, 50 கோடி ஆண்டு என்பது ஏறத்தாழ நிச்சயமாக இல்லை என்று எழுதினார். சார்லஸ் டார்வினின் பரிணாமக் கோட்பாட்டுக்கோ மிக நீண்ட காலம் தேவைப்பட்டது. 1859இல் அவர் தம் நூலில் தந்திருந்த 30 கோடி ஆண்டு என்ற நில அரிப்பு மதிப்பீடு, 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டது. இயற்பியலாளரின் கணக்கு உயிரியலாளரையும் நிலவியலாளரையும் பல பத்தாண்டுகள் நெருக்கியது.

அந்தக் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. இன்றைய அளவுகளைக் கொண்டு செய்தாலும், சுருக்கத்தால் மட்டும் சூரியன் ஏறத்தாழ 3 கோடி ஆண்டே எரிய முடியும். ஆனால் சூரியனுக்கு வேறு ஆற்றல் மூலமும் இருந்தது. 1920இல் ஆர்தர் எடிங்டன் நீரகம் ஈலியமாக மாறுவதைச் சுட்டினார். 1939இல் ஹான்ஸ் பெத்தே அதன் வினைகளை விளக்கினார். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டு. எனினும் ஹெல்ம்ஹோல்ட்சின் கருத்து வீணாகவில்லை. அணுக்கரு வினை தொடங்குவதற்கு முன், பிறக்கும் விண்மீன் சூடாவது ஈர்ப்புச் சுருக்கத்தால்தான்.

வரலாறு தெளிவாக்கும் சில ஐயங்கள்

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பது மாணவர்களின் முதல் ஐயம். தரையிலிருந்தோ மேசையிலிருந்தோ கிணற்றின் அடியிலிருந்தோ அளக்கலாம். கலிலியோ முதல் ஜூல் வரை அனைவரும் பயன்படுத்தியது உயரங்களின் வேறுபாட்டையே. ஒரு கணக்கு முழுவதும் ஒரே தொடக்க மட்டத்தைக் கொண்டால் போதும்.

ஆற்றல் கல்லில் இருக்கிறதா என்பது இரண்டாவது. கல்லுக்கும் புவிக்கும் இடையிலான அமைப்பில் இருக்கிறது என்பதே சரி. மேயர் இடைவெளியை வலியுறுத்தியது இதனால்தான். புவி இல்லாவிடில் 'உயரம்' என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

தலையில் சுமையோடு சமதளத்தில் நடப்பவர் களைப்படைகிறாரே, அவர் வேலை செய்யவில்லையா என்பது மூன்றாவது. சுமையின் உயரம் மாறாததால் அதன் நிலை ஆற்றல் மாறவில்லை. அவருடைய தசைகள் செலவிட்ட ஆற்றல் உடலில் வெப்பமாகிவிட்டது.

இன்று இக்கருத்து மின்சாரத்தைச் சேமிக்கப் பயன்படுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் காடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்தில், மின்சாரம் மிகும் நேரத்தில் நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றுகின்றனர். தேவை மிகும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். ஒரு கன மீட்டர் நீரை 100 மீட்டர் உயர்த்தினால் சேமிக்கப்படுவது 9,80,000 ஜூல், அதாவது சுமார் 0.27 யூனிட் மட்டுமே. இதற்கு மலையும் அணையும் தேவைப்படுவது ஏன் என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும். மேல் நீர்த்தேக்கத்தில் அசையாது நிற்கும் நீர், லைப்னிட்ஸ் கணக்கிட்ட அந்த 1 பவுண்டு எடையைப் போலவே, தான் ஏறிய உயரத்தைத் தேக்கி வைத்திருக்கிறது.